அல்லைப்பிட்டியிலிருந்து சிட்னி நகர மண்டபம் வரை: நடிகர் ஷோபாசக்தி

2015ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி, பிரான்சின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது ‘தீபன்’ என்ற படத்துக்கு அறிவிக்கப்பட்டது. முள்ளிவாய்க்காலின் ஆறாவது நினைவு நாள் கழிந்து அன்றோடு ஆறு நாள்கள். இயக்குநர் ஜாக் ஒடியார் பிரெஞ்சுக்காரர், தமிழ் தெரியாதவர். படத்தின் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். அப்படியொரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதற்தடவை. படத்தின் நாயகனாக நடித்தவர் அன்ரனிதாசன் யேசுதாசன். தமிழ் வாசகர்களுக்கு ஷோபாசக்தி என்ற பெயரில் தெரிந்த எழுத்தாளர்.

அவரது எழுத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையப் பேசியிருக்கிறோம், சண்டையும் பிடித்திருக்கிறோம். நடிகர் என்ற வகையில் அவர் செய்திருப்பதைப் பற்றித் தமிழில் பேசப்பட்டது குறைவு. ‘தீபன்’ படத்தில் வன்னியிலிருந்து தப்பிய போராளியாக நடித்தார். பின்னர் அவுஸ்திரேலிய மேடையில் 21 ஆண்டுகள் காணாமற்போயிருந்த தமிழ்க் கணவனாக நடித்தார். இரண்டும் எங்கள் ஊர்களில் இன்றும் தீராத கதைகள். அவற்றை உலகம் பார்த்தது அவருடைய முகத்தில். ஆனால் 2009இல் அவர் இங்கே இருக்கவில்லை, பாரிஸில் இருந்தார். அதனால் வன்னியில் இருந்துகொண்டு அவரைப் பார்ப்பது, பாரிஸிலோ சென்னையிலோ இருந்து பார்ப்பதைப் போன்றதல்ல.

1967 நவம்பரில் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்துறைப் பக்கம் போகும் வீதியில் உள்ள கடலோரக் கிராமம் அது. தீவகத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் கூத்து என்பது கோயில் திருவிழாவின் பகுதி. அண்ணாவியார் ஒருவர் மாதக்கணக்கில் பழக்குவார், மீன்பிடிப்பவரும் கமம் செய்பவரும் இரவில் ராசாவாகவும் மந்திரியாகவும் ஆடுவார்கள். மைக் இல்லாத காலத்துப் பழக்கம் என்பதால் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் குரல் எட்ட வேண்டும். ஷோபாசக்தியின் நடிப்பில் நான் முதலில் கவனித்தது அந்தக் குரலைத்தான். ‘தீபன்’ படத்தில் அவர் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே பேசுகிறார். ஆனால் ஓரிடத்தில், குடித்துவிட்டு நிலவறையில் தனியே நின்று ஒரு போர்ப்பாட்டை உரத்துப் பாடும்போது, அடக்கி வைத்திருந்த அந்தத் தொண்டை திறக்கிறது. அப்படிப் பாடுவது ஒரு நடிப்புக் கல்லூரியில் வருவதாக எனக்குத் தெரியவில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு அவரது வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இயக்கங்களுக்குப் போனார்கள். அவர் போனது விடுதலைப் புலிகளிடம், அப்போது அவர் பதின்ம வயதினர். இயக்கத்தின் பிரசார நாடகங்களில் ஊர் ஊராக நடித்தார். ஒரு நடிகரின் முதல் அரங்கு என்று பார்த்தால் அவருக்கு அதுதான். 1986இல் இயக்கத்தை விட்டு விலகினார்.

இந்த இடத்தில் வன்னி வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் தொடங்கிய அந்த நாடகம், தொண்ணூறுகளில் தெருவெளி நாடகமாக வன்னிக்கு வந்தது. பள்ளிக்கூட முற்றத்திலும் சந்தியிலும் மரத்தடியிலும் நடந்தது. நடிப்பவர் பார்ப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவார், முடிவில் கேள்வி கேட்பார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே போன பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். முல்லைத்தீவின் கோவலன் கூத்து, முல்லைமணி எழுதிய ‘பண்டார வன்னியன்’ நாடகம் என்று எங்களுக்கு வேறு மேடைகளும் இருந்தன. ஆனால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையைத் திசை திருப்பியது தெருவெளி நாடகம். நாடகத்தை வெறும் பொழுதுபோக்கென்று வன்னியில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் பலம் என்னவென்று அந்த நாடகத்துக்குள் நின்று நடித்துப் பார்த்தவர் ஷோபாசக்தி. பிற்காலத்தில் அவர் மேடையிலும் திரையிலும் காட்டும் அடக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எனது எண்ணம்.

நாட்டை விட்டு வெளியேறித் தாய்லாந்தில் சில ஆண்டுகள் அகதியாக இருந்தார். 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து அரசியல் தஞ்சம் பெற்றார். அங்கே கோப்பை கழுவினார், சமைத்தார், பேரங்காடியில் பொருட்கள் அடுக்கினார், தெரு கூட்டினார். ட்ரொட்ஸ்கிய இடதுசாரிக் கட்சியொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தார். எழுத்து அங்கேதான் தொடங்கியது. 2001இல் ‘கொரில்லா’ நாவல், 2004இல் வெலிக்கடைச் சிறைப் படுகொலையைத் தொட்டுச் செல்லும் ‘ம்’ நாவல், பின்னர் வன்னிக் கிராமமொன்றைக் களமாகக் கொண்ட ‘பொக்ஸ் கதைப்புத்தகம்’, 2019இல் ‘இச்சா’. ‘கொரில்லா’வும் ‘ம்’மும் ஆங்கிலத்தில் வந்தன. இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்ததற்காக அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு, அதே காரணத்துக்காகக் கொண்டாடியவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை அந்த வழக்கை மீண்டும் விசாரிக்க எழுதப்படவில்லை. அவர் விட்டுவந்த ஊருக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிடலாம்: 2006 மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியிலும் அதை அண்டிய தீவகக் கிராமங்களிலும் 13 பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் ஊரின் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமலாக்கப்பட்டார்.

கமராவின் முன்னால் அவரை முதலில் பரவலாகக் காட்டிய படம் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’. தனுஷ்கோடி மீனவர்களையும் அந்தக் கரையில் வந்து இறங்கிய ஈழ அகதிகளையும் பற்றிய படம். எழுத்திலும் ஷோபாசக்திக்குப் பங்குண்டு, அகதி ஒருவராக நடித்தும் இருக்கிறார். அந்த ஊர் மீனவர்களும் அகதிகளும் தாங்களாகவே நடித்தார்கள். இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. 2011இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் அனுமதி பெற்றார்கள். தொழில்முறையில் எடுத்த படமாக அதில் குறைகள் பல. ஆனால் நடிகரல்லாதவர்கள் நடுவே நடிகராகத் தெரியாமல் நிற்க அவரால் முடியும் என்பது அங்கே தெரிந்தது.

‘தீபன்’ படத்தைக் கிளிநொச்சியில் ஒரு நண்பரின் மடிக்கணினியில் பார்த்தோம், ஐந்தாறு பேர். கதை பலருக்கும் தெரிந்திருக்கும். போர் முடிந்த கையோடு ஒரு போராளி தன் சீருடையை எரிகிற உடல்களோடு போட்டுவிட்டு முகாமுக்கு வருகிறான். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்றாற்போல் ஒரு பெண்ணும் தாயில்லாத ஒரு சிறுமியும் வேண்டும். முன்பின் தெரியாத மூவர் கணவன், மனைவி, மகளாகப் பிரான்சுக்குப் போகிறார்கள். சிவதாசன் என்ற ஆள் தீபன் ஆகிறான். வன்னியில் அந்தப் பெயரைச் சொன்னால் 2009 ஏப்ரலில் ஆனந்தபுரத்தில் உயிரிழந்த தளபதிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். படம் அதைக் கருதியதாக எந்த அடையாளமும் இல்லை. ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் அந்தப் பெயரைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

பாரிஸில் அவன் தலையில் மின்னும் விளக்குப் பட்டியோடு தெருவில் பொம்மை விற்கிறான். பிறகு நகருக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை. அங்கே போதைப்பொருள் விற்கும் இளைஞர் கூட்டங்களின் சண்டை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் சிறுமியும் பெண்ணும் தரையில் படுக்கும் விதத்தைக் கவனியுங்கள்.

படத்தில் நான் மறக்காத காட்சி அதற்குப் பிறகு வருகிறது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவிலுள்ள வெளியில் தீபன் வெள்ளைக் கோடு ஒன்றைப் போடுகிறான். இந்தப் பக்கம் சூடு கூடாது, இது சூட்டுத் தவிர்ப்பு வலயம் என்கிறான். இளைஞர்கள் சிரிக்கிறார்கள். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஐரோப்பிய விமர்சகர்கள் சிலருக்கு அது பிரெஞ்சுப் புறநகர் பற்றிய உருவகம். எங்கள் அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஏனென்று வன்னிக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக எழுதுகிறேன். 2009 ஜனவரி 21ஆம் திகதி அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் பகுதியில் ஏறக்குறைய 35 சதுர கிலோமீற்றர். விமானத்திலிருந்து துண்டுப்பிரசுரம் போட்டார்கள், றேடியோவில் சொன்னார்கள், சனம் அங்கே போனது. சில நாள்களுக்குள்ளேயே அந்த வலயத்துக்குள் ஷெல் விழுந்தது. சுதந்திரபுரத்தில் ஐ.நா. பணியாளர்கள் உணவு வழங்க அமைத்திருந்த இடமும் தப்பவில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இது விரிவாக இருக்கிறது. பெப்ரவரி 12இல் இரண்டாவது வலயம்: மாத்தளன், அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு மணல் கீலம். மே 8இல் மூன்றாவது, அதைவிட மிகச் சிறியது. தறப்பாளுக்குக் கீழே பங்கர் வெட்டினால் கடல்மணல் சரிந்து விழும். சேலையைக் கிழித்துச் சாக்காகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். எல்லைக் கோடுகள் வரைபடத்தில் இருந்தன, தரையில் அவற்றைக் கண்டவர் இல்லை.

படத்தில் அந்தக் கோட்டைத் தரையில் போடுபவர் ஷோபாசக்தி. அவர் அதைப் போடும் விதத்தில் வீரமோ கோபமோ இல்லை. வேலை செய்கிறவன் வேலை செய்வதுபோல் குனிந்து போட்டுக்கொண்டே போகிறார். முகத்தைக் கமராவுக்குக் காட்டிப் பொருள் சொல்லவில்லை. ஒரு பெரிய நடிகர் அந்த இடத்தில் கண்களால் ஏதாவது செய்திருப்பார். இவர் எதையும் செய்யாமல் விட்டதால்தான் அந்தக் கோடு எங்களுடையதாக இருந்தது.

இன்னொரு காட்சி, இயக்கத்தின் முன்னாள் கேணல் ஒருவர் தீபனைக் கூப்பிட்டு ஆயுதத்துக்குப் பணம் சேர்க்கச் சொல்வது. தீபன் தனக்குப் போர் முடிந்துவிட்டது என்கிறான், அடி வாங்குகிறான். புலம்பெயர் நாடுகளில் இந்தக் காட்சிக்குக் கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். வன்னியிலிருந்து பார்க்கும்போது எனக்கு அது படத்தின் நேர்மையான காட்சிகளில் ஒன்றாகவே பட்டது. இங்கே புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்து மேசன் வேலைக்குப் போகிற, ஆட்டோ ஓட்டுகிற எத்தனையோ பேர் அதே வாக்கியத்தைத் தங்களுக்குள் சொல்லியிருப்பார்கள். அவர்களை அடிப்பதற்குக் கேணல் தேவையில்லை, விசாரணைக்கு வருகிறவர்கள் போதும்.

எனக்கு ஒப்பமுடியாதவையும் படத்தில் உண்டு. முகாமிலிருந்து வெளியேறுவது ஒரு முகவரைப் பிடித்தால் முடிகிற காரியமாகக் காட்டப்படுகிறது. செட்டிகுளம் மனிக் பாமில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முள்வேலிக்குள் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அது மிக எளிதாகத் தெரியும். கடைசிப் பகுதியில் தீபன் தனியாளாகக் கத்தியோடு படியேறுவது பிரெஞ்சுப் பார்வையாளருக்கான அடிதடி. போரால் களைத்தவன் திரும்பவும் கொலைகாரனாகத்தான் ஆவான் என்ற முடிவுக்குப் படம் கொஞ்சம் விரைவாகவே போய்ச் சேர்கிறது. இங்கிலாந்தில் பச்சைப் புல்லும் வெயிலுமாக வரும் முடிவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இவை திரைக்கதையின் குறைகள். நடிகரின் கணக்கில் எழுத முடியாதவை.

பாதி தன்னுடைய கதைதான் என்று அவர் அக்காலச் செவ்விகளில் சொன்னார். மற்றப் பாதி எங்களுடையது என்று நான் நினைத்துக்கொள்வேன். பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான சேசாரில் சிறந்த நடிகருக்கான பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பின்னர் 2017இல் கனடாவில் லெனின் எம். சிவம் இயக்கிய ‘ரூபா’வில் திருநங்கை ஒருவரைக் காதலிக்கும் குடும்பஸ்தராக நடித்தார். எங்கள் சமூகத்தில் எழுத்தாளர் பலரே தொடத் தயங்கும் பாத்திரம் அது.

‘தீபன்’ படத்தில் யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் தமிழ்நாட்டு நாடக மேடையிலிருந்து வந்தவர். அவருக்கு அது முதல் படம். ஈழத்துப் பேச்சைக் கற்றுப் பேசினார். இரண்டொரு இடத்தில் சென்னை எட்டிப் பார்க்கும், குற்றம் சொல்ல மனம் வராது. அவரும் பிறகு சிட்னி மேடைக்குப் போனார். 2022இல் பெல்வோர் அரங்கில் மேடையேறிய ‘காடும் கடலும்’ நாடகம், மகாபாரதத்தையும் கிரேக்கத்து அன்ரிகனியையும் எங்கள் போரோடு சேர்த்துப் பின்னியது. குடும்பம் மறுபடி சேரும்வரை உலகைப் பார்க்க மாட்டேன் என்று காந்தாரியைப்போல் கண்ணைக் கட்டிக்கொள்ளும் தாய் அதில் வருகிறாள். அந்தத் தாயாக நடித்தவர் ஆனந்தவல்லி, அவுஸ்திரேலியாவில் பரதநாட்டியம் கற்பித்து வந்த ஈழத்துக் கலைஞர். நாடகத்தை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய மகன் எஸ். சக்திதரன்.

சக்திதரனும் பெல்வோரின் இயக்குநர் ஈமொன் பிளாக்கும் அதற்கு முன் சேர்ந்து செய்த நாடகத்தில்தான் ஷோபாசக்தி நடித்தார். ஆங்கிலத் தலைப்பு ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’. 2019 ஜனவரியில், சிட்னி விழாவின்போது, சிட்னி நகர மண்டபத்தில் முதலில் மேடையேறியது. அடுத்து அடிலெய்ட். பதினாறு நடிகர்கள் ஏறக்குறைய ஐம்பது பாத்திரங்களைச் செய்தார்கள். மூன்றரை மணிநேர நாடகம். 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தில் தொடங்கி 2004 வரை, கொழும்பிலும் சிட்னியிலுமாக ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள். அவுஸ்திரேலிய மேடைக்கான ஹெல்ப்மன் விருதுகளில் அந்த ஆண்டு சிறந்த நாடகம் உட்பட ஏழு விருதுகள் பெற்றது. 2020இல் ஒரு இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் பெறுமதியான விக்ரோரிய இலக்கியப் பரிசு பிரதிக்குக் கிடைத்தது.

வன்னிக்கு இதில் நேரடியான தொடர்பு ஒன்றுண்டு, இங்கே பலருக்கும் தெரியாதது. நாடகத்தில் ‘அப்பா’ என்று அழைக்கப்படும் பாட்டனார் கணிதமேதை, அமைச்சர், கொழும்பு வீட்டில் எல்லா இனத்தவரையும் வரவேற்றவர். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் சக்திதரனின் கொள்ளுப்பாட்டனார் சி. சுந்தரலிங்கம். 1947 முதல் 1960 வரை வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், நாட்டின் முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை ஏற்காமல் பதவியை விட்டவர். முல்லைத்தீவுக்குத் தனித்தொகுதி 1977இல்தான் வந்தது. அதற்கு முன் அந்தப் பக்கத்துச் சனத்துக்கும் வவுனியாத் தொகுதிதான். தமிழருக்குத் தனிநாடு என்று ஐம்பதுகளின் இறுதியிலேயே பேசியவர்களில் அவர் முன்னோடி. பின்னர் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையக் கூடாது என்று வாசலில் நின்றவரும் அவரே. மேடையில் வருவது முதலாவது சுந்தரலிங்கம். பேரப்பிள்ளை எழுதும்போது அப்படித்தான் வரும், புரிந்துகொள்ளலாம். ஆனால் வவுனியாவிலிருந்து வாசிக்கிற எனக்கு மாவிட்டபுரத்து வாசலில் நின்றவரை மறந்துவிட்டு அந்தப் பாத்திரத்தைப் பார்க்க முடியவில்லை. சாதியைப் பற்றிச் சளைக்காமல் எழுதிவந்த ஷோபாசக்தி அந்த மனிதரின் பேத்திக்குக் கணவனாக நடித்தது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது.

அந்தக் கணவனின் பெயர் திரு. 1983 ஜூலையில் அவன் கொல்லப்பட்டுவிட்டான் என்று நம்பி, வயிற்றில் பிள்ளையோடு ராதா அவுஸ்திரேலியாவுக்கு ஓடிவருகிறாள். சிட்னியில் மகனைத் தனியே வளர்க்கிறாள், இலங்கையைப் பற்றி அவனிடம் வாய் திறப்பதில்லை. 2004இல் ஒருநாள் கொழும்பிலிருந்து தொலைபேசி வருகிறது. திரு சாகவில்லை, சிறையில் இருந்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான். பிறகு திரு படகில் ஏறி அவுஸ்திரேலியாவை நோக்கி வருகிறான். படகில் வருபவர்களை அந்த நாடு எப்படி நடத்துகிறது என்பது எங்கள் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்தக் கரைகளிலிருந்தும் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

இளவயதுத் திருவை வேறொரு நடிகர் செய்தார். 21 ஆண்டுகளுக்குப் பிறகு வரும் திருதான் ஷோபாசக்தி. நாடகத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேசும்போது, மேடையோரத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வார். எழுத்துத் திரை இல்லை. ஐ.நா. அதிகாரியின் முன்னாலும் குடிவரவு அதிகாரியின் முன்னாலும் மொழிபெயர்ப்பாளரோடு இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். நாங்கள் நீளமாகச் சொல்வோம், அவர் சுருக்கமாகச் சொல்வார், இடையில் ஏதோ ஒன்று விழுந்துவிடும். தாய்லாந்திலும் பிரான்சிலும் அந்தக் கதிரையில் இருந்த ஒருவரே இந்தப் பாத்திரத்தைச் செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். ராதாவாக நடித்தவர் நாடி கம்மல்லவீர, இலங்கையில் பிறந்த சிங்களக் கலைஞர். அப்பாவாக நடித்த பிரகாஷ் பெலவாடி பெங்களூர்க்காரர். தமிழ்க் குடும்பமொன்றைச் சிங்களவரும் கன்னடரும் நியூசிலாந்துத் தமிழரும் சேர்ந்து மேடையேற்றியதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அத்தனை பேரில் வன்னியிலிருந்து போன ஒருவரைத் தேடினால் எனக்குத் தென்படவில்லை. திறமை இல்லாமையால் அல்ல. விசாவும் ஆங்கிலமும் பழகுவதற்கொரு மண்டபமும் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத காரணத்தால்.

இந்த நாடகம் கிளிநொச்சியில் மேடையேறவில்லை. நான் பிரதியாகத்தான் வாசித்தேன். வாசித்த நாள்களில் வீதியோரக் கொட்டகைக்கு ஒரு வேலையாகப் போனேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டம் அது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போனோர் அலுவலகம் அமைக்கப்பட்ட பிறகும் அவர்கள் எழும்பவில்லை, அந்த அலுவலகத்தில் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கள் பிள்ளைகளை, கணவன்மாரை 2009 மேயில் வட்டுவாகலில் கையளித்தவர்கள் அவர்களில் பலர். அங்கிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுவாக்கில் திருவின் கதையைச் சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான் இதை இவரிடம் சொல்லலாமா என்ற எண்ணம் வந்தது. 21 வருஷத்துக்குப் பிறகு தொலைபேசி வந்தது என்ற இடத்தில் அவர் நிமிர்ந்தார்.

“எந்தச் சிறையிலையாம் வைச்சிருந்தவங்கள்?”

“அது நாடகம் அம்மா.”

“ஓம் தம்பி, நாடகமெண்டு விளங்குது. எண்டாலும் எந்தச் சிறையெண்டு சொல்லுங்கோவன்.”

சிட்னியிலும் எடின்பரோவிலும் அந்தத் தொலைபேசிக் காட்சிக்கு மக்கள் அழுதார்கள் என்று விமர்சனங்களில் வாசித்தேன். அவர்களுக்கு அது பழைய துயரம் ஒன்று தீர்கிற இடம். இங்கே அது இன்னும் வராத அழைப்பு. திரும்பி வந்த திருவாக நடிப்பவர் எத்தனை இரவுகள் மேடையில் உயிரோடு வந்து நின்றாலும், இந்தக் கொட்டகையில் இருப்பவர்களுக்கு அவர் ஒரு சாட்சியாகத்தான் தெரிவார். அவரிடம் கேட்பதற்கு அவர்களிடம் கேள்விகள் இருக்கின்றன.

நாடகம் 2022இல் பேர்மிங்ஹாமுக்கும் எடின்பரோ சர்வதேச விழாவுக்கும் போனது. 2024இல் மெல்பேர்ண், மறுபடி சிட்னி, அந்த ஆண்டு செப்ரெம்பரில் நியூயோர்க். அந்த நாடகத்தில் திருவாக நின்றவர் ஷோபாசக்தி.